ஆறாவது புள்ளி

அந்த யோசனை வந்தபோது நான் கைப்பேசியில் சிங்கப்பூரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் பொறியியல் படிக்கும் ஒரு பையன். நான் நின்றுகொண்டிருந்த வீட்டில் அவனுடைய அப்பாவுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

"தம்பி, நீங்க எந்தக் கட்டத்தை இழுத்தீங்க?"

"கட்டத்தையெல்லாம் தொடலைக்கா. ஒரே ஒரு கோட்டை மாத்திப் போட்டேன்."

"மாத்திட்டு?"

"டெப்ளாய் அழுத்தினேன்."

அந்த ஒரு கோட்டால் முந்தின நாளிலிருந்து கிணற்று மோட்டார் ஓடவில்லை. மேல்தொட்டி காய்ந்துவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கருப்பையா அண்ணன் வாளியில் இறைத்துச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கோபத்தையெல்லாம் வாளியைக் கீழே வைக்கும் சத்தத்தில் காட்டினார்.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா முற்றத்துத் தூணில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பேசியது முழுக்கக் காதில் விழுந்திருக்கும். முற்றத்தைச் சுற்றி வரிசையாகப் பூட்டிக் கிடந்த அறைகளை ஒருமுறை கண்ணால் சுற்றி வந்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "ஏத்தா, வேறு வச்சிருவோம்" என்றார்.

நான் பையனிடம் அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லில் எனக்கு முழுப் படமும் வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனையும் மனைவியையும் 'வேறு வைத்து'விடுவார்கள். வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. அதே வாசல், அதே முற்றம், அதே கிணறு. ஆனால் அவர்களுக்கென்று ஒரு அறை, ஒரு சாவி, பின்கட்டில் தனி அடுப்பு, அளந்து கொடுத்த அரிசி பருப்பு. அந்தக் குடும்பம் அன்றிலிருந்து ஒரு புள்ளி. ஒருத்தர் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அடுத்தவர் கேட்க முடியாது. இன்று அந்தப் புள்ளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் திறக்கும்.

எங்கள் வேலை அந்தப் பூட்டிய வீடுகளில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு சின்னக் கணினியை வைப்பது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, சுவரில் ஈரம் எவ்வளவு என்று அது பார்த்துச் சொல்லும். மோட்டாரைப் போடும், அணைக்கும். அதற்கான நிரலை எழுத வேண்டியதில்லை, வரைந்தால் போதும். திரையில் ஒரு கட்டம் 'தொட்டி', இன்னொரு கட்டம் 'மோட்டார்', நடுவில் ஒரு கோடு இழுத்தால் இதைப் பார்த்து அது ஓடும். 'டெப்ளாய்' என்ற பொத்தானை அழுத்தினால் வரைந்தது அந்த வீட்டுக் கணினிக்குப் போய்விடும். குழந்தையும் செய்யலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தோம். அதுதான் வினை. ஐந்து பங்காளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆளாளுக்குத் திறந்து கோடு இழுத்தார்கள்.

வேறு வைப்பது என்று அக்கா சொன்னது கண்டெய்னர் விஷயம். ஒரே கணினிக்குள் ஐந்து தனி அறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தக் கட்டமும் கோடும் போடும் மென்பொருளின் ஒரு முழுப் பிரதி. ஒருவர் தன் அறையில் எதைக் கலைத்தாலும் பக்கத்து அறை அசையாது. மோட்டார், கிணறு, வாசல் போன்றவை 'பொது' என்ற இன்னொரு அறையில். அதில் மட்டும் யாரும் தன்னிச்சையாகக் கைவைக்க முடியாது.

அன்று சாயங்காலத்துக்குள் நான் ஒரு மாதிரியைச் செய்துவிட்டேன். என் அவசரம் அப்படி. மடிக்கணினியில் கட்டியதை அப்படியே அனுப்பினேன். அந்தச் சின்னக் கணினியின் புராசஸர் வேறு இனம், அது எதுவுமே புரியாமல் உட்கார்ந்திருந்தது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"இட்லிச் சட்டிக்குத் தோசை மாவை ஊத்திட்டியா?"

"ரெண்டும் மாவுதானக்கா."

"அதைப் போயி சட்டிகிட்ட சொல்லு."

இப்படித்தான் பேசுவார். சிரிக்கமாட்டார்.

காரைக்குடியில் ஒரு ரெடிமேட் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. நான் கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தேன், அவர் எனக்குச் சில வருஷம் முந்தியே வந்தவர். அவருடைய அப்பா அலுமினிய ஜன்னல் செய்து மாட்டுகிறவர், தாத்தா காலத்தில் மரவேலை என்று கேள்வி. கேள்விதான். அவராக வீட்டுப் பேச்சை எடுத்ததில்லை.

எல்லாவற்றையும் வேறு வைப்பது அவருடைய குணம். அவர் பையில் சாவிக்கு ஒரு அறை, சீப்புக்கு ஒரு அறை, திருப்புளிக்கு ஒரு அறை. சாப்பாட்டு டப்பாவில் பொரியல் மேல் ரசம் பட்டால் அந்தப் பொரியலை என் பக்கம் தள்ளிவிடுவார். அவர் மேசையில் நான் பேனாவை வைத்தால் மறுநாள் அது என் மேசையில் இருக்கும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. சுத்தக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

அது சுத்தம் பற்றியது இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒருமுறை முதலாளி எங்கள் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி அக்காவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். அக்காவைத் துளைத்தேன்.

"அவுக எங்கிட்டச் சொன்னாக. அது எங்கிட்ட இருக்கட்டும்."

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்க்கா."

"நானும் அதைத்தேன் சொல்றேன். நானும் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

ஒருவருடைய பேச்சு இன்னொருவரிடம் கசியக் கூடாது. பொரியலும் ரசமும், பேனாவும் மேசையும் எல்லாம் அதே சட்டம்தான். அலுவலகத்தில் எல்லாரும் அவரிடம் போய்ச் சொல்லி அழுதார்கள். அவரிடம் போட்டது வெளியே வராது. அவர் மட்டும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பதை நாங்கள் யாரும் அப்போது கவனிக்கவில்லை.

ஐந்து அறைகளும் ஓட ஆரம்பித்ததும் அடுத்த தொல்லை வந்தது. அந்தச் சின்னக் கணினிக்கு நினைவகம் கொஞ்சம். சிங்கப்பூர்ப் பையன் தன் அறைக்குள் வானிலைப் படம், வரைபடம் என்று எதையெதையோ இழுத்துப் போட்டான். அவனுடைய அறை வீங்க வீங்க மற்றவர்களுடையது மூச்சுத் திணறியது.

"அடுப்பு தனி, அரிசி பொதுன்னா எப்பிடி?" என்றார் அக்கா. ஒவ்வொரு அறைக்கும் இவ்வளவுதான் நினைவகம் என்று அளந்து வைத்தார். மிஞ்சினால் அந்த அறை மட்டும் நின்று திரும்ப எழும், மற்றதற்கு ஒன்றும் ஆகாது. பையன் புகார் சொன்னான். அக்கா அவனிடம் சொன்னது: "தம்பி, உங்களுக்கு அளந்து குடுத்தாச்சு. பாயாசம் வச்சு முடிச்சுட்டு சோத்துக்கு வந்து நின்னா நான் எங்குட்டுப் போவேன்?"

பொது அறைக்கான சட்டத்தைப் போட்டது சென்னையில் இருந்த பெரிய ஆச்சி. ஐவரில் மூத்தவர். மோட்டார் நின்ற கோபத்தில் அலுவலகத்துக்கே தொலைபேசியில் வந்துவிட்டார்.

"பொதுவுல இருக்கதை எடுக்கவோ மாத்தவோ அஞ்சு புள்ளியும் சரின்னு சொல்லணும். இல்லாட்டி ஒரு ஆணியக்கூடப் புடுங்கப்படாது. எங்க அப்பச்சி காலத்துலருந்து அதுதேன்."

அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஐந்து பேருக்கும் கைப்பேசியில் ஒரு 'சரி' பொத்தான் வைத்தார். ஐந்தும் அழுத்தினால்தான் பொதுவில் இருக்கும் எதுவும் நகரும்.

அதன்பின் ஆச்சி கேட்டது ஒரு சின்ன விஷயம். வாசல் கதவு திறந்தால் தகவல் வர வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகளின் கதவு நிலையையே பெயர்த்துக்கொண்டு போன கதைகள் உண்டு, கேட்டதில் தப்பில்லை. மற்ற நால்வரும் எங்களுக்கும் என்றார்கள். அக்கா ஒரு காந்தச் சென்சாரை நிலையில் ஒட்டி, பொது அறையிலிருந்து ஐந்து அறைக்கும் ஐந்து கோடு இழுத்தார். அழகாக இருந்தது. திரையைப் படம்கூட எடுத்துக்கொண்டேன்.

மழை முடிந்து நாங்கள் அங்கே போனபோது வீட்டுக்குள் ஈர வாடை மூக்கை அடைத்தது. சாமான் அறையில் சுருட்டி வைத்திருந்த பாய்களில் கரையான். பலகைப் பெட்டி ஒன்றின் அடிப்பாகம் கையோடு வந்தது. ஈரத்தைச் சென்சார் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஐந்து பேரும் பார்த்திருக்கிறார்கள். அடுத்தவர் கவனிப்பார் என்று இருந்திருக்கிறார்கள். இப்போது ஐவரும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: கருப்பையா வேலை பார்க்கவில்லை, அவரை நிறுத்திவிடலாம், மெஷின்தான் இருக்கிறதே.

அக்கா அண்ணனிடம் நேராகக் கேட்டார். "ஏண்ணே, முன்னெல்லாம் தினம் தொறந்து போட்டுக் காத்தாட விடுவீகள்ல. இப்ப ஏன் தொறக்கல?"

அவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்தார்.

"தொறந்தா போன் வருது தாயி. ஒண்ணு வச்சா அடுத்தது. எதுக்குத் தொறந்த, யாரு வந்தா, ஏன் இம்புட்டு நேரம்னு. ஒருநா எம் பொஞ்சாதி கஞ்சி கொண்டாந்தா. போன்ல அவ குரலக் கேட்டுட்டு யாரு இதுன்னாக. இருவது வருசமா இங்க இருக்கவ. தொறந்தாத்தான பதில் சொல்லணும்? கூட்டிப்புட்டு ஒடனே சாத்திர்றது."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"மாட்டுனதே நீங்கதான."

அக்கா வாசல் நிலைக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன். அவர் அந்தச் சென்சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோள் சொல்லுதுத்தா இது" என்றார். "அஞ்சு பேரு பேச்சு ஒருத்தருக்கு ஒருத்தரு கேக்கக் கூடாதுன்னு அம்புட்டுப் பாத்துக் கட்டுனேன். இவரு போறது வாரது மட்டும் அஞ்சு வீட்டுக்கும் போயிருக்கு. நாந்தேன் சொல்ல வச்சிருக்கேன்."

அவர் குரல் மாறி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் அலுவலகத்தில் காலை முழுக்க அவர் திரையைவிட்டு எழவில்லை. மதியம் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஐந்து அறைகளின் அளவிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்து, பொதுவின் கணக்கில் ஆறாவதாக ஒரு அறை கட்டியிருந்தார். வாசல் கதவின் கோடு இப்போது நேராக ஐவருக்கும் போகவில்லை. முதலில் அந்த ஆறாவது அறைக்குப் போனது. அண்ணன் கதவைத் திறந்துவிட்டுத் தன் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தத் திறப்பு அவரோடு நின்றுவிடும். ஐவருக்கும் சாயங்காலம் ஒரே ஒரு வரி: வீடு திறந்து காற்றாடியது. கதவு திறந்து ஒரு நிமிஷத்துக்குள் பொத்தான் அழுத்தப்படாவிட்டால் மட்டும் ஐந்து பேருக்கும் அலறும்.

"அவருக்கும் ஒரு புள்ளியா?" என்றேன்.

"வச்சா என்ன?"

"அஞ்சு பேருகிட்டயும் கேட்டீகளா?"

எங்கள் நிர்வாகிக் கணக்கை அந்த ஐந்து 'சரி' கட்டுப்படுத்தாது, அதில் போய் டெப்ளாயை அழுத்தினார். கிராமத்துச் சிக்னலில் அது போய்ச் சேர வெகுநேரம் ஆனது. அனுப்பிய நிரல் ஒவ்வொரு அடுக்காக அங்கே இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசி அடுக்கு இறங்கி ஆறாவது அறை பச்சையானபோது நான் கைதட்டப் போனேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அந்த வாரம் ஐவரும் திரையில் கூடினார்கள். அண்ணனை நிறுத்துவது பற்றிப் பேசத்தான் கூட்டம். அக்கா அதற்கு முன்னால் தான் செய்ததைச் சொன்னார். ஆச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் என்ன எங்க பங்காளியா?"

"இல்ல ஆச்சி. ஆனா அந்த வீட்டுல தினமும் இருக்கது அவுக மட்டுந்தேன்."

"யாரைக் கேட்டு வச்ச?"

"யாரையும் கேக்கல."

"எடுத்துரு."

"எடுத்துர்றேன் ஆச்சி. அது பொதுவுல இருக்கு. அஞ்சு புள்ளியும் சரின்னு அழுத்திட்டா ஒடனே எடுத்துர்றேன். நீங்க வச்ச சட்டந்தேன்."

ஆச்சி அழுத்தினார். இன்னொருவரும் அழுத்தினார். மூன்றாமவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான்காமவருக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, நாங்களும் அவ்வளவு அக்கறையாகக் காட்டவில்லை. சிங்கப்பூர்ப் பையன் அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து, "நல்லாத்தானப்பா இருக்கு, எனக்கும் தூக்கத்துல போன் அலறாது" என்றான். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றப் பல வருஷமாக ஒத்துப்போகாதவர்கள் அவர்கள். அண்ணனை நிறுத்தும் பேச்சு கரையானிலிருந்து ஓட்டுக்குப் போய், ஓட்டிலிருந்து பழைய கல்யாணச் செலவு ஒன்றுக்குப் போய், அதிலேயே அமுங்கியது.

அண்ணன் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.

கூட்டம் முடிந்ததும் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது நான் குதூகலமாக இருந்திருக்க வேண்டும். மானகிரி தாண்டியதும் ஒரு கேள்வி குடைந்தது. கேட்காமல் இருக்கத் தெரியாது எனக்கு.

"அக்கா, கேக்காம வச்சது சரியா?"

"கேட்டா விட்டிருக்க மாட்டாக."

"அது தெரியும். ஆனா நாளைக்கு ஒருத்தன் கேக்காம பொதுவுல ஒரு கேமராவை வச்சுட்டுப் போயிட்டா? அதையும் அஞ்சு பேரு சேந்தாத்தான எடுக்க முடியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காரைக்குடி வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி நடந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து நான் வழக்கம்போல ஒரு சின்னத் திருத்தத்தை அந்த வீட்டுக்கு அனுப்பினேன். பொது அறை அதை வாங்க மறுத்தது. புதிதாக எதையும் உள்ளே வைக்கவும் ஐந்து சரி தேவை என்று எழுதிக் காட்டியது. நிர்வாகிக் கணக்கில் போனேன், அதே பதில். அக்கா தன் கணக்கையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருந்தார். இனி அவர் நினைத்தாலும் இன்னொரு ஆறாவது அறையைச் சத்தமில்லாமல் கட்ட முடியாது.

"நம்ம கையையும் வேறு வச்சாச்சு" என்றார் தலையைத் தூக்காமல். "நீ கேட்டது சரிதேன். ஆனா அன்னைக்கு நான் செஞ்சதும் தப்புன்னு எனக்குத் தோணல. ரெண்டும் அதது எடத்துல இருக்கட்டும்."

இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வர அவர் முயலவே இல்லை. எனக்கு அது அன்று பெரிய விவேகமாகத் தெரிந்தது. இப்போது சில சமயம் அது ஒரு தப்பித்தலாகவும் தெரிகிறது.

அடுத்த சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போனார். கோயம்புத்தூர் என்றார்கள், ஓசூர் என்றார்கள். கல்யாணம் என்று ஒரு பேச்சு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பேச்சு. கடைசி நாளன்று அவர் மேசையில் இருந்த சாமான்கள் அவரவருக்குத் திரும்பி வந்தன. என் பேனா ஒன்று, மற்றொருவரின் சார்ஜர், முதலாளியின் டீ கப். அவரைப் பற்றி எங்கள் யாரிடமும் எதுவும் மிஞ்சவில்லை. எத்தனை பேருடைய அழுகையைக் கேட்டவர், அவர் அழுததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இதை அவருடைய கண்ணியம் என்று சொல்வதா, எங்கள் மீது நம்பிக்கை இல்லாதது என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. எண் இருக்கிறது. வாழ்த்து அனுப்பினால் வாழ்த்து வரும்.

இப்போது நெற்குப்பையில் ஒரு வீடு வந்திருக்கிறது. முந்தையதைவிடப் பெரியது, பங்காளிகளும் அதிகம், இவர்களிலும் சிங்கப்பூரில் இருப்பவர்கள் உண்டு. பார்த்துக்கொள்கிறவர் பார்வதி அத்தை என்று ஒரு விதவை, மகளோடு பின்கட்டில் இருக்கிறார். பங்காளிகள் கேட்ட முதல் விஷயமே வாசல் கதவுதான். மகள் ஜவுளிக்கடை வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் திரும்புகிறாள். அவள் வருவதும் போவதும் இத்தனை பேர் கையில் தினமும் ஒளிரப் போகிறது. அத்தைக்கு அது புரிந்திருக்கிறது. "வேணாம்னா எங்களப் போகச் சொல்லுவாகளோ?" என்று என்னிடம் கேட்டார்.

பழைய வித்தை இங்கே பலிக்காது. அக்கா போட்ட சட்டத்தோடுதான் இப்போது எல்லாக் கணினியும் எங்கள் அலுவலகத்திலிருந்து போகிறது. அத்தைக்கு ஒரு அறை வேண்டுமானால் ஒவ்வொரு பங்காளியும் சரி என்று அழுத்த வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இல்லை. நாங்கள் மறுத்து வேலையை விட்டுவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். வேறொருவர் வந்து கேமராவே மாட்டுவார் என்றார். அதுவும் உண்மை.

கெஞ்சிக் கேட்டால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், அழுத்தமாட்டார்கள். அதனால் நான் வேறொன்றைச் செய்து பார்க்கப் போகிறேன். அவர்களுடைய கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் ஒரு வாரம், ஒரு வீட்டு வாசல் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தகவல் போகும், எப்போது திறந்தது, எப்போது சாத்தியது என்று. இதைப் பார்த்து அவர்கள் சலித்துக்கொள்ளலாம், கூச்சப்படலாம், சும்மா இருக்கலாம். கூட்டத்தில் ஒரே கேள்விதான் கேட்பேன்: உங்கள் வீட்டு வாசலில் இதை மாட்டட்டுமா? மாட்டச் சொல்கிறவர் அத்தைக்கு 'இல்லை' என்று அழுத்தட்டும்.

அந்த ஒரு வாரத்துக்கு ஒரு வாசல் வேண்டும், அந்த வீட்டில் இருப்பவர்களின் சம்மதமும் வேண்டும். நேற்றிரவு சாப்பிடும்போது எங்கள் வீட்டில் கேட்டேன். அப்பா ஒரே வார்த்தையில் சரி என்றார். அம்மா, "அப்ப நான் கோயிலுக்குப் போறதும் சிங்கப்பூருக்குப் போகுமா?" என்று கேட்டார். போகும் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு வாரந்தானே என்றார்.

நாளைக் காலையில் நாற்காலி போட்டு ஏறி, எங்கள் வாசல் நிலையில் சென்சாரை ஒட்டப் போகிறேன்.